ஒரு பீடி நேரம்

ஆறாம் இலக்க முயல் மூச்சு விடவில்லை.

யசோதினி அதன் வயிற்றில் கையை வைத்துப் பார்த்தாள். நெஞ்சில் வைத்துப் பார்த்தாள். காதருகே குனிந்து, "எழும்படா, என்ட செல்லமெல்லா" என்று கெஞ்சியும் பார்த்தாள். முயல் மேசையில் நீட்டி நிமிர்ந்து கிடந்தது. மயிர் மழித்த கழுத்தில் ஸ்கேன் ஜெல் மட்டும் ஈரமாக மினுங்கியது.

பக்கத்தில் இருந்த ஸ்கேன் மெஷினின் முனையை அதன் நெஞ்சில் வைத்திருந்தால், உயிர் இருக்கிறதா இல்லையா என்று ஒரு நொடியில் காட்டியிருக்கும். ஆனால் அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போயிருந்தது. இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டு ஐப்பசி மாதம். சண்டை முடிந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. ஜன்னலுக்கு வெளியே வாவி எது, வானம் எது என்று தெரியாதபடி மழை. மூன்று மணிக்கே அறை மங்கிப்போய்க் கிடந்தது.

நடந்தது இவ்வளவுதான். முயல் அசையாமல் கிடந்தால்தான் அதன் கழுத்து இரத்தக்குழாயைப் படம் பிடிக்க முடியும். அதற்கு ஒரு மயக்க ஊசி. ஊசியைப் போட்ட கையோடு அம்மாவின் ஃபோன் வந்தது.

"மகள், வெல்லாவெளி மாப்பிள்ள வீட்டாக்கள் வந்திருக்காங்க. வேலை நிரந்தரமாயிட்டா எண்டு கேக்கிறாங்க. நான் என்னத்தகா சொல்ல?"

"வாற மாசம் கடிதம் வரும் எண்டு சொல்லுங்கம்மா."

"போன வருஷமும் இதத்தானே சொன்னாய்."

கதை சண்டையாகி, சண்டை அழுகையாகி, ஃபோனை வைத்துவிட்டுத் திரும்பியபோது யசோதினிக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஊசி போட்டோமா, இல்லையா? சந்தேகத்தைத் தீர்க்க இன்னொன்று போட்டாள். அது எல்லாவற்றையும் தீர்த்துவிட்டது போலிருந்தது.

அந்த ஆய்வுகூடத்தில் மொத்தம் எட்டு முயல்கள். தேங்காயெண்ணெயும் முட்டை மஞ்சள் கருவும் பிசைந்த தீனியைப் பத்து வாரம் தின்னக் கொடுத்து, கொழுப்பு எப்படி இரத்தக்குழாயின் சுவரில் படிகிறது என்று வாராவாரம் ஸ்கேனில் பார்ப்பதுதான் ஆய்வு. அதை நடத்தியவர் காத்தான்குடியைச் சேர்ந்த டொக்டர் கைறுன்னிஸா. சிரிக்கவே மாட்டார் என்று சொல்ல முடியாது; சிரித்ததை யசோதினி கண்டதில்லை, அவ்வளவுதான். ஆய்வு தொடங்கிய அன்றே அவர் தெளிவாகச் சொல்லியிருந்தார்.

"யசோதினி, எட்டு ஏழாகிச்செண்டா இந்த ஆய்வும் இல்ல, உங்கட நிரந்தரக் கடிதமும் இல்ல."

மூன்று வருடமாகத் தற்காலிக வேலை. இன்னும் இரண்டு வாரத்தில் ஆய்வு முடிந்துவிடும். இந்த நேரத்தில் போய்ச் சேர வேண்டுமா இந்த முயல்? யசோதினிக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. ஒரு வெள்ளைத் துவாயை எடுத்து அதைத் தலையோடு மூடினாள்.

"முகத்த மூடாதீங்க பிள்ள."

துள்ளித் திரும்பினாள். வாசலில் வினாயகமூர்த்தி நின்றுகொண்டிருந்தார். விலங்குக் கூடுகளைப் பார்த்துக்கொள்பவர். எப்போது வந்தார், எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று யாருக்கும் தெரியாதபடி வருவது அவருடைய வழக்கம். வந்தவர் துவாயை முகத்திலிருந்து விலக்கி, கழுத்துவரைக்கும் இழுத்துவிட்டார்.

அவரைப் பற்றி மாணவர்களிடையே பல கதைகள் உண்டு. அவர் படுத்து ஒருவரும் கண்டதில்லை. வாவிக்கரையில் பம்ப் அறையோடு ஒட்டிய சின்ன அறையில்தான் குடியிருப்பு; அங்கே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியேதான் தூங்குவார். சுனாமிக்குப் பிறகு எங்கிருந்தோ வந்து சேர்ந்தவர். ஊர், உறவு என்று கேட்டால் பேச்சு நின்றுவிடும். ஒரு வேலையைச் சொன்னால் முதலில் குந்தியிருந்து ஒரு பீடியைப் பற்றவைப்பார். அது முழுதாக முடிந்த பிறகுதான் எழும்புவார். இந்தப் பீடியை நினைத்தாலே யசோதினிக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"அண்ணன், இதக் கொண்டுபோய் வாவிக்கரையில புதைச்சிருங்க. இப்பவே. மெடம் நாலு மணிக்கு வாறா."

"இப்பவேயா பிள்ள?"

"உடனே! இதப்பத்தி ஒருத்தரிட்டயும் மூச்சு விடக்கூடாது. விளங்கிச்சா? என்னட்டக்கூடக் கதைக்கக்கூடாது. நானே கேட்டாலும் கதைக்கக்கூடாது."

"ஓம் பிள்ள."

அந்த "ஓம்" போதும் என்று யசோதினிக்குத் தெரியும். முப்பது வருடமாக அந்தப் பக்கத்து மனிதர்கள் உயிரோடு இருந்ததே வாயை மூடிக்கொண்டிருந்ததால்தான். யார் வந்தார்கள், யாரைக் கூட்டிப்போனார்கள் என்று கேட்டால், கண்ணால் கண்டவர்கூடக் கண்ணைக் கசக்கிக்கொண்டு நிற்பார். வினாயகமூர்த்தி அதில் பழுத்தவர்.

ஆனால் ஐந்து நிமிடம் கழித்து ஜன்னலால் எட்டிப் பார்த்தால், மனிதர் தாழ்வாரத்தில் குந்தியிருக்கிறார். மடியில் முயல். வாயில் பீடி.

"அண்ணன்!"

"முடியட்டும் பிள்ள" என்றார், முயலின் முகத்தைப் பார்த்தபடி.

நாலு மணிக்கு டொக்டர் கைறுன்னிஸா வந்தார். வெறும் கூட்டைப் பார்த்தார். யசோதினியைப் பார்த்தார்.

"ஆறு எங்க?"

"வயித்தால போகுது மெடம். மத்ததுகளுக்குத் தொத்தாம வேறயா வச்சிருக்கன்."

"நாளைக்கு நான் பாக்கணும். வியாழன் ஸ்கேனுக்கு அது கட்டாயம் வேணும்."

மறுநாள் விடிந்ததும் யசோதினி ஏறாவூருக்கு பஸ் ஏறினாள். அங்கே ஹமீட் நானாவின் வளவில் முயல், புறா, கினிக்கோழி எல்லாம் விற்பனைக்கு உண்டு. கூட்டுக்குள் கையை விட்டு, கைக்கு அகப்பட்ட வெள்ளை முயல் ஒன்றைத் தூக்கிக் கொடுத்தார்.

"நல்ல சாதி தங்கச்சி. பொட்டை. பெருகும்."

ஆறாம் இலக்கம் கடுவன் என்பது அவளுக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அதை யார் தூக்கிப் பார்க்கப்போகிறார்கள் என்று வாங்கிக்கொண்டாள். திரும்பும் வழியில் காவலரணில் நின்ற ஆமிக்காரன் கூடையைத் திறந்து பார்த்தான்.

"கறிக்கா?"

"ஓம்" என்றாள். ஒரு பொய் இன்னொரு பொய்க்குக் கை கொடுக்கத் தொடங்கியிருந்தது.

ஒன்பது மணிக்குள் புது முயலின் கழுத்தை மழித்து, காதில் பச்சைப் பேனையால் '6' என்று எழுதி, ஆறாம் கூட்டில் விட்டாள். பழைய முயல்களுக்கெல்லாம் காதில் இலக்கம் பச்சை குத்தியிருக்கும். தூரத்தில் நின்று பார்த்தால் வித்தியாசம் தெரியாது. டொக்டரும் தூரத்தில் நின்றுதான் பார்த்தார்.

"மெலிஞ்சிட்டு" என்றார்.

"வயித்தால போனதுதானே மெடம்."

இனி ஒரேயொரு சங்கடம். கொழுப்பையே கண்டிராத முயலின் இரத்தக்குழாய் வியாழக்கிழமை ஸ்கேனில் கழுவித் துடைத்ததுபோல் தெரியும். தனியாக ஸ்கேன் செய்தால் எதையாவது எழுதிச் சமாளிக்கலாம் என்று நினைத்திருந்தாள். வியாழக்கிழமை டொக்டர் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

ஊசி போட்டாள், இந்த முறை ஒன்று மட்டும். ஜெல் பூசினாள். கண்ணை மூடிக்கொண்டு ஸ்கேன் முனையைக் கழுத்தில் வைத்தாள்.

"அருமை" என்றார் டொக்டர்.

யசோதினி கண்ணைத் திறந்தாள். திரையில் இரத்தக்குழாயின் சுவர் தடித்துப்போய்த் தெரிந்தது. குழாய் இரண்டாகப் பிரியும் இடத்தில், இடது பக்கமாக, ஒரு சின்னப் புடைப்பு. அந்தப் புடைப்பை அவளுக்குத் தெரியும். மூன்று வாரமாக அதை அளந்து எழுதியவளே அவள்தான். அது செத்துப்போன ஆறாம் முயலின் புடைப்பு.

"இரத்த ஓட்டத்தையும் கேப்பம்" என்றார் டொக்டர்.

பொத்தானை அழுத்தினாள். மெஷினிலிருந்து அந்தச் சத்தம் வந்தது. உஸ்… உஸ்… உஸ்… ஓடுகிற இரத்தத்தின் சத்தம். வாராவாரம் கேட்கிற சத்தம்தான். அன்று அது மண்ணுக்கடியிலிருந்து யாரோ மூச்சு விடுவதைப்போல் அறை முழுக்கப் பரவியது.

டொக்டர் போனபின் முயலைத் தூக்கிப் பார்த்தாள். கடுவன். காதைத் திருப்பினாள். நேற்று அவள் எழுதிய பேனை எழுத்தைக் காணவில்லை. பழைய பச்சை குத்தல்தான் இருந்தது. முயல் சிவந்த கண்களால் அவளையே பார்த்தது. 'எனக்கு ஏன் ரெண்டு ஊசி போட்டாய்?' என்று கேட்கிற பார்வை.

ஓடினாள் வினாயகமூர்த்தியிடம்.

"அண்ணன், அண்டைக்கு நான் தந்தது… நீங்க அத…"

அவர் இடது பக்கம் பார்த்தார். வலது பக்கம் பார்த்தார். உதட்டில் விரலை வைத்தார். பிறகு புல்லுக்கட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். பாவம், மனிதருக்கும் விஷயம் தெரிந்திருக்கிறது, பயத்தில் பேச முடியவில்லை என்று யசோதினி நினைத்தாள்.

ஹமீட் நானாவுக்கு ஃபோன் எடுத்தாள்.

"நானா, நேத்துத் தந்தது பொட்டைதானே?"

"அல்லாட மேல ஆணை, பொட்டைதான் தங்கச்சி. ஏன், கடுவனாப் போச்சா?"

"ஓம் நானா."

"அப்ப அதுல எனக்குச் சம்பந்தமில்ல" என்று சொல்லி வைத்துவிட்டார்.

செத்தவர்கள் திரும்பி வருவது அந்த ஊரில் கேள்விப்படாத சங்கதி அல்ல. முகாமில் இருந்து வந்தவர்கள் உண்டு, கடல் கொண்டுபோய்த் திருப்பித் தந்தவர்கள் உண்டு. வருவார்கள் என்று இன்னும் வாசல் கதவைப் பூட்டாத வீடுகளும் உண்டு. ஆனால் அதெல்லாம் மனிதர்கள். முயலுக்கு என்ன செய்வது என்று யாரிடம் கேட்பாள்? அம்மாவிடம் கேட்டாள், முயல் என்று சொல்லாமல்.

"திருநீறு பூசி, வேப்பங்குழை கட்டு மகள். நிக்காது, ஓடிரும்" என்றாள் அம்மா.

வெள்ளி காலையில் ஆறாம் முயலின் நெற்றியில் மாமாங்கக் கோயில் திருநீற்றை மூன்று கோடாகப் பூசினாள். கூட்டில் வேப்பங்குழை கட்டினாள். முயல் ஓடவில்லை. வேப்பங்குழையைத் தின்னத் தொடங்கியது. அந்த நேரம் பார்த்து டொக்டர் கைறுன்னிஸா உள்ளே வந்தார்.

நெற்றியைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"இது எந்தக் கோயிலுக்குப் போய் வந்தது?"

"பூச்சிப் பவுடர் மெடம்."

"நெத்தியில மட்டுமா பூச்சி?" டொக்டர் முயலைத் தூக்கி நெற்றியைத் துடைத்துவிட்டார். "வயித்தால போச்சு, இப்ப பூச்சியும் பிடிச்சிருக்கு. இதுக்குக் கூடுதல் கவனம் வேணும். இண்டையிலிருந்து ஆறை மட்டும் தினம் ஸ்கேன் பண்ணுங்க."

வாரத்துக்கு ஒரு தடவை கேட்ட அந்த உஸ்… உஸ்… இனித் தினமும். அன்றைய ஸ்கேனில் புடைப்பு ஒரு நூல் அளவு வளர்ந்தும் இருந்தது. செத்த பிறகும் அதற்கு நோய் முற்றிக்கொண்டே போகிறது. யசோதினிக்குச் சோறு இறங்கவில்லை. கண்ணை மூடினால் சத்தம் கேட்டது. தன் கழுத்து நரம்பு துடித்தாலும் முயல் வந்துவிட்டதோ என்று திடுக்கிட்டாள்.

சனிக்கிழமை ஒரு முடிவுக்கு வந்தாள். புது முயலை டொக்டர் கண்டுபிடித்தால் வேலை போகும். இதை வைத்துக்கொண்டிருந்தால் புத்தி போகும். வேலை போனால் மாப்பிள்ளை மட்டுந்தான் போவான். மறுபடி ஏறாவூருக்குப் போனாள். இந்த முறை தானே தூக்கிப் பார்த்துக் கடுவன் ஒன்றை வாங்கினாள். ஹமீட் நானா பிஸ்மி சொல்லித்தான் கூடையைக் கையில் கொடுத்தார்.

புதியதைக் கூட்டில் விட்டுவிட்டு, ஆறைக் கூடையில் போட்டு மூடி, வாவிக்கரைச் சதுப்பில் மண்டிக் கிடந்த கண்ணாப் பற்றைக்குள் வெகுதூரம் கொண்டுபோனாள். சேற்றில் கால் புதைந்தது. கூடையைக் கவிழ்த்துவிட்டு, "போ. என்னை மன்னிச்சிரு. இனி வராத" என்றாள். உண்மையிலேயே அவளுக்கு அதன்மேல் பாவமாக இருந்தது. திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

திங்கட்கிழமை காலை ஆறாம் கூட்டுக்கு முன்னால் நின்று அவள் போட்ட சத்தத்தில் வாவியில் நின்ற கொக்குகள் எழும்பிப் பறந்தன.

கூட்டுக்குள் அதே முயல். காதில் பச்சை குத்திய '6'. நாலு காலிலும் வாவிச் சேறு காய்ந்து வெடித்திருந்தது. முதுகில் கண்ணா இலை ஒன்று ஒட்டியிருந்தது. சனிக்கிழமை வாங்கிய முயலைக் காணவில்லை.

டொக்டர் ஓடி வந்தார். யசோதினி நிலத்தில் உட்கார்ந்துவிட்டாள். ஒன்று விடாமல் எல்லாவற்றையும் கொட்டினாள். இரண்டு ஊசி, துவாய், ஏறாவூர், பச்சைப் பேனை, திருநீறு, கண்ணாப் பற்றை.

"என்ட கடிதத்தக் கிழிச்சிப் போடுங்க மெடம். நான் அதக் கொண்டுட்டன். அது என்னை விடுகுதில்ல."

டொக்டர் கைறுன்னிஸா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"யசோதினி, நான் பத்து வருஷமா இரத்தக்குழாய் பாக்கிறன். செத்த மிருகத்துக்கு இரத்தம் ஓடாது."

"அதுதான் மெடம் எனக்கும் பயம்."

டொக்டர் கூட்டைப் பார்த்தார். முயலும் அவரைப் பார்த்தது. டொக்டர் அரை அடி பின்னுக்கு வந்தார்.

"புதைச்ச இடத்தப் பாப்பம். வாங்க."

மழை தூறிக்கொண்டிருந்தது. டொக்டர் முன்னால் போனார். போகும்போது வாய்க்குள் எதையோ ஓதிக்கொண்டே போனதை யசோதினி கவனித்தாள். பம்ப் அறை வாசலில் வினாயகமூர்த்தி குந்தியிருந்தார். டொக்டரைக் கண்டதும் பீடியை அணைக்காமல் எழும்பி நின்றார்.

"மூர்த்தி, போன செவ்வாய்க்கிழமை யசோதினி ஒரு செத்த முயல் தந்தாவா?"

அவர் டொக்டரைப் பார்க்கவில்லை. யசோதினியைப் பார்த்தார்.

"கதைக்கலாமா பிள்ள?"

"கதையுங்க அண்ணன்!"

அவர் பம்ப் அறைக் கதவைத் திறந்தார். உள்ளே, மரப்பெட்டிக்குள், வைக்கோலின்மேல் இரண்டு வெள்ளை முயல்கள் கங்குன் கீரை தின்றுகொண்டிருந்தன. ஒன்றின் காதில் பச்சைப் பேனை எழுத்து அழிந்தும் அழியாமலும் தெரிந்தது. அதன் வயிற்றோடு ஒட்டிக்கொண்டு மயிர் முளைக்காத ஐந்து குட்டிகள்.

"இது பிள்ள ஏறாவூரில வேண்டின ரெண்டும் மெடம். பொட்டை நேத்துக் குட்டி போட்டிரிச்சு."

"அப்ப கூட்டுக்க நிக்கிறது?"

"அது நம்மட ஆறுதான். அண்டைக்கு விடியக்குள்ள எழும்பிக் கீரை தேடிச்சு. பின்னேரம் கூட்டுக்க கொண்டுபோனா, அங்க வேறொண்டு நிக்குது. அத எடுத்துப்போட்டு இத விட்டன். மறுகா சனிக்கிழமை கண்ணாவுக்க நிண்டு நனையுது. பிடிச்சிக்கொண்டு வந்தன். போனா அங்க இன்னொண்டு."

யசோதினிக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. "ஐயோ அண்ணன்! நான் வந்து கேட்டன்தானே? ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே!"

"நீங்கதானே பிள்ள சொன்னீங்க, நீங்களே கேட்டாலும் கதைக்கக்கூடாதெண்டு."

டொக்டர் கைறுன்னிஸா குனிந்து ஒரு குட்டியைக் கையில் எடுத்தார். அவர் தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்று தெரிந்துகொள்ள யசோதினிக்குச் சிறிது நேரம் பிடித்தது.

"எட்டு எட்டாத்தான் இருக்கு" என்றார் டொக்டர். "ரெண்டு ஊசியையும், திருநீறையும் பதிவுப் புத்தகத்தில ஒழுங்கா எழுதுங்க. எழுதி முடிச்சிட்டு வாங்க. என்ட மேசையில கடிதம் கிடக்கு, எடுங்க. வெள்ளிக்கிழமையே கையெழுத்து வச்சிட்டன்."

யசோதினிக்குக் கண் நிறைந்துவிட்டது. மழையில் அது தெரியவில்லை. வினாயகமூர்த்தியின் கையைப் பிடித்துக்கொண்டாள். ஈரமாகவும் குளிராகவும் இருந்தது அந்தக் கை. அப்போதுதான் அவளுக்கு அது கேட்கத் தோன்றியது.

"உடனே புதைக்கச் சொன்னன்தானே அண்ணன். சொன்ன உடனே நீங்க புதைச்சிருந்தா அது உயிரோட மண்ணுக்க போயிருக்கும். என்னத்துக்கு வச்சிருந்தீங்க?"

அவர் பீடியைக் கடைசிவரை இழுத்து முடித்தார்.

"சுனாமியில, நாவலடியில, என்னையும் உடனே புதைக்கத்தான் பிள்ள சொன்னாங்க, குழி வெட்டினவன் ஒரு பீடி குடிச்சி முடியட்டும் எண்டு குந்தினதாலதான் நான் இஞ்ச நிக்கிறன்."